சொல்லாது விடுதலும் மறைத்தலும்: ஓர் இசைநாடக ஒலிப்பதிவைக் கேட்டல்

நாடகம் கண்ணுக்கும் செவிக்கும் ஒருங்கே உரிய கலை. ‘கூத்துப் பார்க்கப் போதல்’ என்றே நம் மக்கள் கூறுவர். ‘கூத்துக் கேட்கப் போதல்’ என்று கூறுவதில்லை. ஆயினும் ஒலிப்பதிவுக் கருவி தோன்றிய காலந்தொட்டு, மேடையை ஒருபோதும் காணாதவர்களும் நாடகத்தின் பாடல்களைக் கேட்டே அந்நாடகத்தை அறிந்து வந்துள்ளனர். அவ்வாறு செவிவழி அறியப்படும் நாடகம் மேடை நாடகத்தின் குறைபட்ட நிழலா, அன்றி வேறொரு கலைப்பொருளா என்பது ஆராயத்தக்க வினா.

இவ்வினாவை ஆராய்வதற்கு, நியூயோர்க் நகரின் பெருவணிக அரங்குகளாகிய புறோட்வேயில் நடைபெற்ற ‘த பாண்ட்ஸ் விசிட்’ (வாத்தியக் குழுவின் வருகை) என்னும் இசைநாடகத்தின் ஒலிப்பதிவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஆரவாரம் மிக்க புறோட்வே மரபில் இது தாழ்குரலிற் பேசும் நாடகம். கூறுவதைக் காட்டிலும் கூறாது விடுவதே இதில் மிகுதி. அவ்வாறு கூறாது விடப்பட்டவை எவை, அவற்றைக் கேட்போர் எவ்வாறு நிரப்பிக்கொள்கின்றனர், கிழக்கிலங்கைக் கரையில் நற்பிட்டிமுனை போன்றதோர் ஊரிலிருந்து கேட்கும்போது அவை எப்பொருள் கொள்கின்றன என்பனவே இங்கு நோக்கப்படுகின்றன.

1. ஒலிப்பதிவு என்னும் வடிவம்

நடிகர் குழுவே தன் நாடகத்தின் பாடல்களை முறையாகப் பதிந்து ஒரு தொகுதியாக வெளியிடும் வழக்கம், 1943 ஆம் ஆண்டில் ‘ஒக்லஹோமா!’ என்னும் நாடகத்தை டெக்கா நிறுவனம் வெளியிட்டதன் பின்னரே அமெரிக்காவில் நிலைபெற்றது. அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கும். எனவே ஒரு நாடகத்துக்குப் பல தட்டுகள் வேண்டியிருந்தன. 1948 ஆம் ஆண்டில் கொலம்பியா நிறுவனம் நெடுநேரம் ஒலிக்கும் இசைத்தட்டை அறிமுகப்படுத்தியதும் நாடகப் பாடல்கள் யாவும் ஒரே தட்டில் அடங்கலாயின. இதன் பொருளாதார விளைவு சிறிதன்று. 1956 இல் மேடையேறிய ‘மை ஃபெயார் லேடி’ நாடகத்துக்கு வேண்டிய முதல் முழுவதையும் இசைத்தட்டு நிறுவனமான கொலம்பியாவின் தாய் நிறுவனமே இட்டது. மேடை நாடகத்தின் துணைப்பொருளாகத் தோன்றிய இசைத்தட்டு, நாடகத்துக்கே முதலிடும் நிலைக்கு உயர்ந்தது.

தமிழ் நாடக வரலாற்றிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வளர்த்தெடுத்த இசைநாடக மரபு, எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் ஆகியோரின் இசைத்தட்டுகள் வாயிலாகவே நாடகக் கொட்டகை இல்லாத ஊர்களையும் சென்றடைந்தது. கிட்டப்பா 1933 ஆம் ஆண்டில் இளமையிலேயே இறந்தார். அவர் நடிப்பைக் கண்டோர் இன்று எவருமிலர். குரல் மட்டும் எஞ்சியுள்ளது. மூன்று நிமிடத் தட்டில் அடங்குவதற்காக நாடகப் பாடல் சூழலிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனிப்பாடலாயிற்று. பாடலைக் கேட்டோர் அதன் முன்னும் பின்னும் நிகழும் கதையைத் தம் நினைவிலிருந்தே கூட்டிக்கொண்டனர். வள்ளி திருமணமும் கோவலன் கதையும் அனைவரும் அறிந்தவை ஆதலின் அது கூடுவதாயிற்று. ஒலிப்பதிவு எப்போதும் கேட்போனின் முன்னறிவை நம்பியே இயங்குகிறது என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

பிராங்பேர்ட் சிந்தனையாளரான அடோர்னோ, 1930களில் இசைத்தட்டின் சரக்குத் தன்மையைக் கடுமையாகச் சாடியவர். அவரே 1969 ஆம் ஆண்டில் எழுதிய சிறு கட்டுரையொன்றில், ஓப்பரா என்னும் கலை இனி நெடுநேர இசைத்தட்டிலேயே உயிர்வாழும் என்றார். ஆடம்பர மேடையும் உடையும் அகன்றபின், மீண்டும் மீண்டும் கருத்தூன்றிக் கேட்கும் வாய்ப்பு உண்டாகிறது என்பது அவர் வாதம். பண்டமாக விற்கப்படும் பொருளே கூர்மையான கேட்டலுக்கும் வழிசெய்யும் என்னும் இம்முரண்பாடு நமது ஆய்வுக்கு உதவும்.

2. நாடகமும் அதன் பின்புலமும்

‘த பாண்ட்ஸ் விசிட்’ முதலில் ஒரு திரைப்படம். எரான் கொலிரின் எழுதி நெறிப்படுத்த, 2007 இல் வெளிவந்தது. அதனை இத்தமார் மோசஸ் நாடகமாக்க, டேவிட் யஸ்பெக் பாடல்களை எழுதி இசையமைத்தார். யஸ்பெக்கின் தந்தைவழி லெபனானைச் சேர்ந்தது. டேவிட் குரோமர் நெறிப்படுத்திய இந்நாடகம் 2016 டிசெம்பரில் ஏறத்தாழ 200 இருக்கைகள் கொண்ட அற்லாண்டிக் அரங்கில் தொடங்கியது. 2017 நவம்பரில் ஏறத்தாழ 1,000 இருக்கைகள் கொண்ட புறோட்வே அரங்குக்கு மாறி, 2019 ஏப்ரில் வரை 589 காட்சிகள் நடைபெற்றது. 2018 ஆம் ஆண்டின் டோனி விருதுகளுள் பத்தினை வென்றது. கோஸ்ட்லைட் நிறுவனம் 2017 டிசெம்பரில் வெளியிட்ட ஒலிப்பதிவு 2019 இல் கிராமி விருது பெற்றது.

கதை மிக எளியது. காலம் 1996. எகிப்தின் அலெக்சாந்திரியா நகரப் பொலிஸ் வாத்தியக் குழு ஒன்று, அரபுப் பண்பாட்டு நிலையத் திறப்பு விழாவில் இசைக்க இஸ்ரேலுக்கு வருகிறது. செல்ல வேண்டிய நகர் பெத்தா திக்வா. அரபு மொழியில் ‘ப’ என்னும் வல்லொலி இல்லை. அதற்கு ஈடாக ஒலிப்புடைய மெல்லிய ஒலியே உண்டு. இதனால் ஊர்ப்பெயர் மாறி, நெகேவ் பாலைநிலத்திலுள்ள பெத் ஹதிக்வா என்னும் கற்பனைச் சிற்றூருக்கு அவர்கள் வந்து சேர்கின்றனர். மறுநாட் காலை வரை பேருந்து இல்லை. உணவுக்கடை நடத்தும் தீனா என்னும் பெண்ணும் அவ்வூரார் சிலரும் அவர்களைத் தம் வீடுகளில் தங்கவைக்கின்றனர். ஓரிரவு கழிகிறது. காலையில் குழு புறப்பட்டுச் செல்கிறது. இவ்வளவே கதை.

ஒரே ‘ப’ என்னும் எழுத்தால் இரண்டு ஒலிகளையும் எழுதும் தமிழருக்கு இம்மயக்கம் நன்கு விளங்கும். அரபு எழுத்தில் தமிழை எழுதிய நம் முஸ்லிம் முன்னோர், அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கெனப் புதிய குறிகளை அமைத்தே அரபுத் தமிழை உருவாக்கினர். ஓர் ஒலியின் இன்மை நாடகத்தில் விபத்தாகிறது. நம் வரலாற்றில் அதுவே ஓர் எழுத்து மரபின் தோற்றத்துக்குக் காரணமாயிற்று.

3. தாழ்குரலும் அதன் உற்பத்தியும்

ஒலிப்பதிவைக் கேட்போர் முதலில் உணர்வது குரல்களின் தணிவே. தீனாவாகப் பாடும் கத்ரீனா லெங்க் அருகிலிருப்பவரோடு பேசுவதுபோலப் பாடுகிறார். குழுத்தலைவர் தௌஃபீக்காக நடிக்கும் டோனி ஷல்ஹூப் பாடுவது மிகக் குறைவு. பெரும் வாத்தியக் கூட்டம் இல்லை. ஊது, தர்புகா, வயலின், செலோ, கிளாரினெற் ஆகியனவே முன்னிற்கின்றன. இவற்றுட் பல மேடையில் நடிகர்களாலேயே இசைக்கப்பட்டவை.

இத்தாழ்குரலை இயல்பானது என்று கொள்வது பொருந்தாது. மட்டக்களப்புக் கூத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். வடமோடியாயினும் தென்மோடியாயினும், கூத்து வட்டக் களரியில், திறந்த வெளியில், இரவு முழுவதும் ஆடப்படுவது. மத்தளத்தையும் சல்லரியையும் மேவி, கடைசி வரிசையிலிருப்போனுக்கும் எட்டுமாறு கூத்தர் பாடுவர். பிற்பாட்டுக்காரர் அதனை ஏந்திப் பாடுவர். ஆதலின் கூத்தில் ஒப்பாரியும் உரத்த குரலிலேயே நிகழும். அங்குத் துயரம் தனிமனிதனுக்கு மட்டும் உரியதன்று; ஊர் முழுவதும் கேட்க வேண்டிய பொதுச்செய்தி. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளைச் சுருக்கி, மூடிய அரங்குக்கு ஏற்பச் செம்மைப்படுத்தியபோதே, களரிக் குரல் அரங்குக் குரலாக மாறத் தொடங்கியது.

தாழ்குரல் ஒலிவாங்கியின் குழந்தை. 1925 ஆம் ஆண்டளவில் மின்வழி ஒலிப்பதிவு நடைமுறைக்கு வந்த பின்னரே, முணுமுணுத்துப் பாடுவோனும் பல்லாயிரம் பேருக்குப் பாட இயன்றது. ‘த பாண்ட்ஸ் விசிட்’ ஒலிப்பதிவில் ஒரு பெண் காதருகே பாடுவதுபோலத் தோன்றும் நெருக்கத்துக்குப் பின்னால் நடிகர், வாத்தியகாரர், ஒலிப்பதிவாளர் ஆகியோரின் கூட்டு உழைப்பு உண்டு. புறோட்வே நடிகர் சங்கத்தின் உடன்படிக்கைப்படி, பதிவு நடைபெறும் ஒரு நாளுக்கு ஒரு வார ஊதியம் வழங்கப்படல் வேண்டும். கேட்போனுக்கு அந்தரங்கமாகத் தோன்றுவது, உண்மையில் ஊதிய உழைப்பின் விளைபொருளாகும்.

எனினும் தாழ்குரல் முழுவதும் கருவியின் படைப்பன்று. களரிக்கு வெளியே, வீட்டினுள்ளே, தாழ்குரலுக்கெனச் சொந்த மரபு நம்மிடமும் உண்டு. தாலாட்டும், இக்கரை முஸ்லிம் மக்களிடையே வழங்கும் நான்கடிக் கவிகளும் அத்தகையன. வயற்காவலுக்குச் சென்ற மச்சானை எண்ணி மச்சி பாடுவதாக அமைந்த கவிகள் ஊரைக் கூட்டிப் பாடப்படுவன அல்ல. தாலாட்டில் தாய் குழந்தையை முன்னிறுத்தித் தன் துயரையே கூறுவாள். இந்நாடகத்திலும் ஒரு தாலாட்டு உண்டு. அதனைப் பாடுபவன் இத்சிக் என்னும் வேலையற்ற தந்தை. மனைவி வேலைக்குச் செல்கிறாள், அவன் வீட்டிலிருக்கிறான், அது அவர்களிடையே ஓயாத பூசலுக்குக் காரணமாகிறது. உழைப்புச் சந்தையால் ஒதுக்கப்பட்டவனின் துயரம், குழந்தைக்குப் பாடும் பாட்டின் வழியாகவே வெளிப்படுகிறது. நாடகம் இதனைப் பொருளாதாரப் பிரச்சினையாக எடுத்துரைப்பதில்லை. அந்தக் குரலின் சோர்வை உணர்த்துவதோடு நின்றுவிடுகிறது.

4. இருத்தல்

நாடகத்தின் தொடக்கப் பாடலே காத்திருத்தல் பற்றியது. முடிவுக்கு அண்மையில் வரும் பாடலும் அதனையே பொருளாகக் கொண்டது. ஊரின் பொதுத் தொலைபேசியருகே ஓர் இளைஞன் பல நாட்களாக நிற்கிறான். காதலி அழைப்பாள் என்பது அவன் நம்பிக்கை. இறுதியில் அவன் தனியே தொடங்கும் பாட்டை மற்றையோர் ஒவ்வொருவராக ஏற்க, முழு ஊரும் பாடுகிறது. ஒலிப்பதிவு முழுவதிலும் குரல்கள் உயர்ந்து ஒன்றுகூடும் அரிய இடம் இதுவே.

தமிழ் அகமரபில் இருத்தல் முல்லைத் திணையின் உரிப்பொருள். தலைவன் வருவான் என்ற உறுதியோடு தலைவி ஆற்றியிருப்பதே முல்லை. நிலத்தால் இந்நாடகம் பாலை, ஒழுக்கத்தால் முல்லை. ஆனால் சங்க முல்லைக்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. முல்லையில் கார்காலம் வந்ததும் தலைவன் மீளுதல் மரபு. பெத் ஹதிக்வா மக்கள் காத்திருப்பது எதற்கென அவர்களுக்கே தெளிவில்லை.

இக்காலமற்ற காத்திருப்புக்குச் சமூக வரலாறு உண்டு. நெகேவ் பகுதியில் இத்தகைய ஊர்கள் பல 1950களில் இஸ்ரேலிய அரசினால் அமைக்கப்பட்டன. மொரோக்கோ முதலிய அரபு நாடுகளிலிருந்து வந்த யூதர் பெருந்தொகையாக அங்குக் குடியேற்றப்பட்டனர். வேலைவாய்ப்பும் முதலீடும் மத்திய நகரங்களிலேயே குவிந்தன. ஓரத்து ஊர்கள் தேங்கின. ஆகவே அவ்வூராரின் அலுப்பு பாலைவெயிலால் மட்டும் நேர்ந்ததன்று. திட்டமிட்டு உருவாக்கப்பட்ட ஓரத்தின் அலுப்பு அது.

நமது கரையிலும் தொலைபேசியருகே காத்திருந்த தலைமுறையொன்று உண்டு. 1970களின் பிற்பகுதி தொடங்கி மத்திய கிழக்கு நாடுகளுக்கு ஆணும் பெண்ணும் கூலித் தொழிலாளராகச் சென்றனர். வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாத அக்காலத்தில், குறித்த நாளில் வரவேண்டிய ஓர் அழைப்புக்காகக் குடும்பங்கள் காத்திருந்தன. அத்தகைய குடும்பத்தினர்க்கு இப்பாடலின் ஆங்கிலச் சொற்கள் விளங்காவிடினும் அதன் பொருள் விளங்கும்.

5. உள்ளுறையும் மறைப்பும்

இனி மைய வினாவுக்கு வருவோம். எகிப்தும் இஸ்ரேலும் 1948 முதல் 1973 வரை நான்கு பெரும் போர்களில் மோதிய நாடுகள். 1979 இல் உடன்படிக்கை செய்துகொண்டவை. நாடகம் இவற்றைக் குறித்து ஏறத்தாழ எதுவும் பேசுவதில்லை. பலஸ்தீன மக்கள் கதையில் இடம்பெறவில்லை. நெகேவின் பழங்குடியினரான அரபுப் பெதூயினர்களுள் பெரும்பாலோர் 1948 போரை அடுத்து அங்கிருந்து அகற்றப்பட்டனர். எஞ்சியோர் ஒரு குறுகிய வலயத்துள் அடைக்கப்பட்டனர். ‘ஒன்றுமில்லாத ஊர்’ என்று நாடகம் பாடும் அந்நிலம் ஒன்றுமில்லாததாக ஆக்கப்பட்ட வரலாறு இது. மூலத் திரைப்படத்தில் ஒரு சிறு குறிப்பு உண்டு: சுவரில் மாட்டிய போர்த்தாங்கியின் படத்தின்மீது வாத்தியகாரர் ஒருவர் அமைதியாகத் தம் தொப்பியை மாட்டிவிடுவார். கண்ணாற் காணும் அக்குறிப்பு ஒலிப்பதிவைக் கேட்போனுக்குக் கிட்டாது.

இம்மௌனத்தை எவ்வாறு மதிப்பிடுவது? நாடகம் அரசியலைக் கடந்து மனிதத்தைப் பாடுகிறது எனப் புகழ்தல் ஒரு முனை; அடக்குமுறையை மூடும் இனிய திரை எனத் தள்ளுதல் மறுமுனை. இரண்டும் மௌனத்தை ஒரே தன்மையதாகக் கொள்கின்றன. தமிழ்க் கவிதையியல் இங்கு நமக்குத் துணைபுரியும்.

தொல்காப்பியர் கூறும் உள்ளுறை, சொல்லப்படாத பொருளை நிலத்தின் பறவை, விலங்கு, மரம் முதலியவற்றின் வாயிலாக உணரவைப்பது. அது வெற்றிபெறக் காரணம், பாடுவோனும் கேட்போனும் ஒரே மரபறிவைப் பகிர்ந்துகொள்வதே. கேட்போர் அறிந்ததைச் சொல்லாது விடுதல் உள்ளுறை. கேட்போர் அறியாததைச் சொல்லாது விடுதல் மறைப்பு. சொற்கள் மாறாமலிருக்கவும், கேட்கும் கூட்டம் மாறுமிடத்து உள்ளுறை மறைப்பாகலாம். மறைப்பு உள்ளுறையாகவும் ஆகலாம். ஆதலின் மௌனத்தின் பொருளைப் பனுவலுள் மட்டும் தேடுதல் போதாது. அதனைக் கேட்கும் சமூகத்திலும் தேடல் வேண்டும்.

இவ்வளவுகோலின்படி நோக்குமிடத்து, 2017 இல் நியூயோர்க் அரங்கில் உயர்ந்த விலைக்கு அனுமதிச்சீட்டு வாங்கி அமர்ந்தோருட் பலருக்கு, நெகேவின் வரலாறு அறிந்த செய்தியாக இருந்திருக்க முடியாது. அவர்களுக்கு நாடகத்தின் மௌனம் ஆறுதலளிக்கும் மறைப்பாகவே பயன்பட்டிருக்கும். அதே மௌனம், போரையும் இடப்பெயர்வையும் அறிந்த ஒருவருக்குக் கனத்த பேச்சாகிறது. ஓரிரவு விருந்தினராயிருப்போர் பேசாது விடுவதெல்லாம் அவர்களிடையே உள்ளதென அவர் அறிவார்.

தௌஃபீக் அரபு மொழியிற் பாடும் இடத்தை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். தீனாவுக்குச் சொற்கள் விளங்கவில்லை. அவள் பாட்டின் பொருளை ஊகிக்கிறாள். தன் விருப்பத்தையும் அதனுள் ஏற்றுகிறாள். சிறுவயதில் தாயுடன் எகிப்திய வானொலியில் உம்மு குல்தூமின் குரலைக் கேட்டதும், ஓமர் ஷரீப் நடித்த படங்களைப் பார்த்ததும் அவள் நினைவில் உள்ளன. எல்லையை அரசுகள் மூடியிருந்த காலத்திலும் ஒலியலைகள் அதனைக் கடந்தன. எனினும் அவள் கேட்பது தௌஃபீக் பாடுவதன்று. தான் கேட்க விரும்புவதையே அவள் கேட்கிறாள். இந்நாடகத்தின் ஆழமான உண்மை இங்குள்ளது. பரிவோடு கேட்டல் வேறு, அறிந்து கேட்டல் வேறு.

6. இக்கரையிலிருந்து கேட்டல்

நற்பிட்டிமுனை கல்முனையை அடுத்து வயல்வெளியோரம் அமைந்த ஊர். தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்வது. இரு சாராரும் பேசுவது தமிழே. பாங்கோசை தமிழர் செவிகளிலும், கோயில் மணியோசை முஸ்லிம்களின் செவிகளிலும் நாள்தோறும் விழுகின்றன. அண்மையிலுள்ள பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் உற்சவம் பாரதக் கதையை ஆண்டுதோறும் நிகழ்த்திக் காட்டுகிறது. வயலிலும் சந்தையிலும் இவர்களின் உழைப்பு ஒன்றோடொன்று பின்னியது. 1985 இலும் 1990 இலும் இக்கிழக்குக் கரையில் இரு சமூகங்களிடையேயும் குருதி சிந்தப்பட்டது.

அதன்பின் அயலவர் மீண்டும் கொடுக்கல் வாங்கல் தொடங்கியபோது, பேசாதுவிடுதலையே ஒரு நாகரிகமாகக் கொண்டனர். அது கோழைத்தனமன்று. இருவருக்கும் தெரிந்ததை இருவரும் சொல்லாது விட்டனர். தெரியும் என்பதும் இருவருக்கும் தெரியும். ஒரு கோப்பைத் தேநீரை நீட்டும்போது சொல்லப்படாத வருத்தமும் அதனோடு நீட்டப்பட்டது. இதுவே வாழ்க்கையில் உள்ளுறை.

ஆனால் உள்ளுறைக்கு ஆயுள் உண்டு. அறிந்தோரின் ஆயுளே அதன் ஆயுள். பின்பிறந்த தலைமுறைக்கு அந்நிகழ்ச்சிகள் தெரியா. அல்லது தத்தம் சமூகத்தின் பக்கக் கதை மட்டுமே தெரியும். பெற்றோரிடம் நாகரிகமாயிருந்த மௌனம், பிள்ளைகளிடம் அறியாமையாக மாறுகிறது. அறியாமை நிலவுமிடத்தில் வகுப்புவாத அரசியல் எளிதிற் குடிபுகும். வயற்கூலிக்கும் மீன்பிடித் தொழிலாளிக்கும் பொதுவான நலன்கள் அப்போது பின்தள்ளப்படுகின்றன. பெத் ஹதிக்வாவின் ஓரிரவு விருந்தோம்பல் மறுநாட் காலையில் முடிந்துவிடும். வாத்தியக் குழு பேருந்தேறிவிடும். அயலவருக்குப் பேருந்து இல்லை. ஆதலின் அவர்களுக்கு வேண்டிய கலை, ஓரிரவு விருந்தினருக்கு வேண்டிய கலையினின்றும் வேறுபட்டது.

இதனால் தாழ்குரலைக் கைவிட்டு முழக்கத்தை மேற்கொள்ள வேண்டும் என்பது பொருளன்று. முழக்கம் பெரும்பாலும் தன் கூட்டத்துக்கே கேட்கும். தாழ்குரலின் வலிமை, மறுபக்கத்தானையும் அருகில் வரச்செய்வதில் உள்ளது. அதனை இவ்வொலிப்பதிவு ஐயமற நிறுவுகிறது. ஆனால் தாழ்குரற் கலை நேர்மையாக இயங்கவேண்டுமாயின், அது நம்பியிருக்கும் பொது அறிவு தலைமுறைதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். இரு சமூகத்து முதியோரின் நினைவுகளையும், வீட்டினுள் மட்டும் வழங்கும் கவிகளையும் தாலாட்டுகளையும் பதிந்து பேணுதல் இப்பணியின் முதற்படி. இன்று அதற்குப் பெருநிறுவனத்தின் முதல் வேண்டியதில்லை. கையிலுள்ள தொலைபேசியே போதுமான கருவி. பதிந்தவற்றை இரு சாராரும் ஒருங்கிருந்து கேட்பது அடுத்த படி. நம் பல்கலைக்கழகங்களின் தமிழ்ச் சங்கங்கள் ஏற்கத்தக்க பணி இது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். ஒலிப்பதிவு மேடையின் நிழலன்று. மேடையைவிட்டு நீங்கி, நாடகத்தை ஆக்கியோர் எண்ணியிராத சமூகங்களிடையே செல்லும் தனிக் கலைப்பொருள் அது. செல்லுமிடந்தோறும் அதன் மௌனங்கள் புதிதாக எடைபோடப்படுகின்றன. ‘த பாண்ட்ஸ் விசிட்’ தன் சொந்த அரங்கில் பேசாது விட்டவற்றை, தொலைவிலுள்ள கேட்போரே பேசவைக்க முடியும். அவ்வாறு பேசவைக்கும் அறிவைத் தம் ஊரைப் பற்றியும் பெற்றிருத்தல் அவர்தம் கடமை.